கேரவன் இழுக்கப் பழைய பெரிய எஸ்யூவி வாங்குகிறீர்களா? பின்னாலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

ஈஸ்டர் நெருங்கினாலும் சரி, டிசம்பர் வந்தாலும் சரி, டர்பனில் நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒரு பெரிய வண்டி பார்க்கணும், கேரவன் இழுக்கணும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிராக்கன்ஸ்பெர்க் போகணும், எந்த வண்டி நல்லது? உடனே ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மாமா டொயோட்டா என்பார், சித்தப்பா பஜேரோ என்பார், பக்கத்து வீட்டுக்காரர் லேண்ட் ரோவரை விட்டால் வேறு வண்டியே இல்லை என்பார். என்னைக் கேட்டால் பெயரை ஓரமாக வைத்துவிடுங்கள். முதலில் எடைக் கணக்கு, அப்புறம் அந்த வண்டி இதுவரை எதை இழுத்தது, எங்கே இழுத்தது என்ற கணக்கு. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எந்த கம்பெனி வண்டி என்பது தானாகவே முடிவாகும். பழைய வண்டிகளில் ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டிகள்கூட ஒன்றுபோல இருக்காது. ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் ஓடியிருக்கும், இன்னொன்று வாரா வாரம் படகை இழுத்துக் கடல் தண்ணீரில் நின்றிருக்கும்.

எடைக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்க்கைக் குனிந்து பாருங்கள். அதில் டேர் என்று ஒரு எண், ஜிவிஎம் என்று ஒரு எண் இருக்கும். முதலாவது வண்டியின் வெறும் எடை, இரண்டாவது ஆள், சாமான் எல்லாம் ஏற்றியபின் வண்டி தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் உங்கள் குடும்பமும் முகாம் சாமானும் அடங்க வேண்டும். டேர் 2,150 கிலோ, ஜிவிஎம் 2,735 கிலோ என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். மிச்சம் 585 கிலோ. கேட்டால் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஐந்து பேர் 340 கிலோ, நிரப்பிய ஃப்ரிட்ஜ் 55 கிலோ, கூரையில் ரேக்கும் அதன்மேல் கூடாரமும் 90 கிலோ, கேரவனை மாட்டப் பின்னால் போட்ட இரும்புச் சட்டம், அதாவது டோ பார், 30 கிலோ, அதன்மேல் கேரவனின் மூக்கு அமுக்கும் எடை 90 கிலோ. கூட்டினால் 605 கிலோ ஆகிவிட்டது. இன்னும் தண்ணீர் கேன் ஏற்றவில்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, பிரியாணிக்கு எடுத்துப்போகும் அந்தப் பெரிய அண்டா இல்லை, இறைச்சி சுடும் பிராய் கம்பியும் கரியும் இல்லை. 80 லிட்டர் டேங்கை நிரப்பினால் டீசலே 65 கிலோவுக்கு மேல் வரும்.

கேரவனின் மூக்கு எடை வண்டியின் எடையில் சேரும் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இழுக்கும் திறன் 3,500 கிலோ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். லேண்ட் குரூசர் 200, டிஸ்கவரி 4 மாதிரி வண்டிகளுக்கு அந்த எண் உண்மைதான். ஆனால் வண்டியும் நிறைந்து, பின்னால் வருவதும் முழு எடையில் இருந்தால் இரண்டும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஒரு எல்லை உண்டு, அதை ஜிசிஎம் என்பார்கள். பல வண்டிகளில் கதவுத் தூணிலோ பானெட்டின் அடியிலோ உள்ள தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு எண்கள் இருக்கும். முதலாவது ஜிவிஎம், இரண்டாவது ஜிசிஎம், அடுத்த இரண்டும் முன் ஆக்சில், பின் ஆக்சில் எல்லைகள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள், வண்டி நிறைந்திருக்கும்போது பின்னால் எவ்வளவு இழுக்கலாம் என்பது கிடைத்துவிடும். தகட்டில் இல்லாவிட்டால் அந்த மாடலின் கையேட்டில் இருக்கும்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. டிரெய்லரின் (கேரவனும் அதில் அடக்கம்) ஜிவிஎம் 750 கிலோவைத் தாண்டினால் ஓட்டுகிறவருக்கு ஈபி லைசன்ஸ் வேண்டும், சாதாரண பி போதாது. இன்னொன்று, நம் நாட்டில் பெரும்பாலான கேரவன்களில் இருப்பது ஓவர்ரன் பிரேக், அதாவது கேரவன் வண்டியை முன்னால் தள்ளும்போது தானாகவே பிடிக்கும் பிரேக். அப்படிப்பட்ட கேரவனின் ஜிவிஎம் இழுக்கும் வண்டியின் டேரைத் தாண்டக்கூடாது. அதாவது உங்கள் கேரவன் 1,800 கிலோ என்றால் டேர் 1,800க்குக் குறைந்த வண்டியை வாங்குவதில் அர்த்தமே இல்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது லைசன்ஸையும் இந்த எண்களையும்தான்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டர்பனில் கடல் மட்டத்தில் துள்ளிக்குதிக்கும் டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி, ஜோகன்னஸ்பர்க்கின் 1,750 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். வான் ரீனன் கணவாயில் கேரவனோடு ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது அப்படித்தான். டர்போ டீசலுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் இழுக்கத்தான் வாங்குகிறேன் என்றால் என் ஓட்டு டர்போ டீசலுக்கு.

எந்த மாடல் என்று நிறையப் பேசப் போவதில்லை. ஃபார்ச்சூனர், பிராடோ, எவரெஸ்ட், எம்யூ-எக்ஸ், பஜேரோ எல்லாமே இந்த வேலைக்கு ஆகும். ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. டொயோட்டாவின் பழைய 3.0 டி-4டி எஞ்சினில் இன்ஜெக்டர் சீல் கசிந்து, புகைக்கரி எண்ணெயில் கலந்து, அடியிலுள்ள எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். அதனால் இன்ஜெக்டரும் சீலும் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். நிசான் பேட்ரோலின் ஆரம்பகால 3.0 டீசல்கள் பிஸ்டன் ஓட்டை விழுவதற்குப் பெயர் போனவை. டிஸ்கவரி 3, 4 இரண்டும் இழுப்பதில் அருமையான வண்டிகள், ஆனால் காற்று சஸ்பென்ஷன் கம்ப்ரசரும், டீசல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டும் பெரிய செலவு வைக்கும். பராமரிப்பு பில்கள் கட்டாக இல்லாத டிஸ்கவரியை நான் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன். ஃபார்ச்சூனர் வாங்குகிறவர்கள் மூன்றாவது வரிசை இருக்கைகளை மடித்துப் பாருங்கள். அவை பக்கவாட்டில் மேலே தூக்கிக் கட்டப்படுவதால் இரண்டு பக்கமும் இடத்தைத் தின்றுவிடும். ஃப்ரிட்ஜ் உள்ளே போகுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.

எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். நாம் கடலோரம் இருக்கிறோம், இங்குள்ள வண்டிகளில் துரு அதிகம். ப்ளூம்ஃபொன்டைனிலோ பிரிட்டோரியாவிலோ ஓடிய வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு அதே வயதுள்ள அமான்சிம்டோட்டி வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். உள்நாட்டு வண்டியைப் பார்க்க ஒரு நாள் மெனக்கெட்டுப் போய்வருவது வீணாகாது. 2002 தொடக்கத்திலிருந்து பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்குத் தடை இருக்கிறது, ஆனாலும் அனுமதி பெற்ற இடங்களில் படகு இறக்கலாம். சோட்வானாவிலும் ஷெல்லி பீச்சிலும் ஸ்கீ போட்டை அலைக்குள் தள்ளும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பின் சக்கரம் இரண்டும் உப்புத் தண்ணீரில் நிற்கும். அந்த வண்டிகளும் ஒரு நாள் விற்பனைக்கு வரத்தான் செய்யும், மேலே நன்றாகப் பாலிஷ் போட்டுத்தான் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனைச் சுற்றி எத்தனையோ வண்டிகள் மூழ்கின. இன்றும் ஒரு வண்டி சந்தை விலையைவிட ரொம்பவும் குறைவாக வந்தால் முதலில் அந்தச் சந்தேகம் வர வேண்டும். இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து விடுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புக் கம்பிகளில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை, ஸ்பேர் பார்ட் பெட்டியின் மூலையில் மணல், இவை சேர்ந்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

டோ பாரிலிருந்து தொடங்குங்கள்

வண்டியைப் பார்க்கப் போனதும் எல்லோரும் பானெட்டைத் திறக்கிறார்கள். நீங்கள் பின்னால் போய்க் குந்துங்கள். கையில் ஒரு டார்ச்சும் ஒரு வெர்னியர் காலிப்பரும் இருந்தால் போதும், ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கும்.

டோ பாரின் நுனியில் கேரவனை மாட்டும் இரும்புக் குண்டுதான் டோ பால். அதன் அளவு 50 மி.மீ. கேரவனின் கப்ளிங் அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும்தான் தேய்க்கும், பக்கவாட்டில் அவ்வளவு தேய்மானம் இருக்காது. முன்-பின்னாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் குறைவாக இழுத்த வண்டி, அல்லது பால் புதிது. முன்-பின்னாக 49 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பாலை மாற்றியே ஆக வேண்டும், நிறையவும் பாரமாகவும் இழுத்த வண்டி அது. பால் புத்தம் புதிதாகப் பளபளத்து, அதைத் தாங்கும் தகடு மட்டும் பழசாகக் கீறல் விழுந்திருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

என் அத்தை மகனோடு வெருலத்தில் ஒரு ஃபார்ச்சூனர் பார்க்கப் போயிருந்தேன். விற்கிறவர் வயதானவர், நல்ல மனிதர், உட்காரவைத்து டீ கொடுத்தார். "தம்பி, இது கோயிலுக்கும் கடைக்கும் ஓடின வண்டி, ஒண்ணும் இழுத்ததில்ல" என்றார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். பாலின் பின்பக்கத்தில் விரலை வைத்தாலே தட்டை தெரிந்தது. பம்பருக்கு அடியில் பாதுகாப்புக் கம்பி உரசி உரசிப் பெயிண்ட் போய் வெள்ளி நிறத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ஏழு பின் பிளக்கின் மூடி உடைந்து, அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள், பின்கள் பச்சைப் பாசி பிடித்திருந்தன. "அங்கிள், இழுத்ததைப் பற்றி ஒண்ணுமில்ல, எதை இழுத்தீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மகன் சனிக்கிழமைகளில் படகு கொண்டுபோவான் என்றார். பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க அவரே ஜாக் எடுத்துக் கொடுத்தார். பிரேக் குழாயைச் சுற்றி துரு பொரிந்து செதில் செதிலாக நின்றது, ஹேண்ட்பிரேக் கம்பி உறைக்குள் அசையவே இல்லை. பின் ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மேல்பிளக்கைத் திறந்து விரலை விட்டால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பானெட்டை அன்று நாங்கள் திறக்கவே இல்லை.

படகு இழுத்தது, கேரவன் இழுத்தது, கட்டடச் சாமான் இழுத்தது எல்லாம் ஒன்றில்லை. வருடத்துக்கு இரண்டு முறை சென்ட் லூசியாவுக்குக் கேரவன் இழுத்த வண்டியை நான் தாராளமாக வாங்குவேன், அப்படிப்பட்டவர்கள் வண்டியைப் பிள்ளைபோலப் பார்ப்பார்கள். தினமும் மணலும் செங்கலும் டிரெய்லரில் ஏற்றிய வண்டி என்றால் கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்படுவேன்.

டோ பாரில் உற்பத்தியாளர் தகடு இருக்கிறதா, அதில் எவ்வளவு கிலோ என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். வண்டி 3,000 இழுக்கலாம், ஆனால் யாரோ பூட்டிய டோ பார் 1,500க்குத்தான் என்றால் உங்கள் எல்லை 1,500தான். தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைத்த, தகடே இல்லாத டோ பார் என்றால் அதைக் கழற்றிவிட்டுப் புதிது போடும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். அப்புறம் அது சேஸிஸில் பூட்டப்பட்ட இடத்துக்கு டார்ச் அடியுங்கள். போல்ட் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா, சுற்றி முடிபோல விரிசல் இருக்கிறதா, விரிசலிலிருந்து துருக்கோடு வழிந்திருக்கிறதா. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். டிங் என்று கேட்டால் சரி, பொத் என்று கேட்டால் உள்ளே இரும்பு இல்லை.

பின் ஸ்பிரிங்குகளைப் பார்க்க ஒரு டேப் போதும். சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடம் வலம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. காலியாக இருக்கும்போதே பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டியில் கேரவனை மாட்டினால் முன் சக்கரங்களின் பிடி குறைந்து, ஸ்டியரிங் லேசாகி, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்திருந்தால் அது குற்றமில்லை, ஆனால் தொய்ந்த ஸ்பிரிங்கை மறைக்க வைத்ததா என்று காற்றை இறக்கிவிட்டு அளந்து பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடமான டயரோடு கேரவன் இழுத்துக்கொண்டு பிப்ரவரி வெயிலில் என்3-யில் போக வேண்டாம். எடைக் குறியீட்டையும் பாருங்கள், 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 116 என்றால் 1,250. அளவு சரியாக இருந்து எடைக் குறியீடு குறைந்த மலிவு டயர்களைப் பூட்டி விற்கிறவர்கள் உண்டு. ஸ்பேர் வீல் வண்டிக்கு அடியில் தொங்கினால் அதை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடலோர வண்டிகளில் அந்தச் சங்கிலி துருப்பிடித்து அசையாது, அது இரவில் நடுவழியில்தான் தெரியவரும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும்

நான் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். முந்திய நாள் ஓடி நின்ற வண்டியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் காலையிலும் கல்லாக இறுகியிருந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள சீல், போயிருக்கலாம் என்று சந்தேகம். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகையைப் பாருங்கள். லேசாக வந்து நின்றுவிடும் புகை பரவாயில்லை, நீலம் தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ கூலன்டோ. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே வையுங்கள். மூடி மெல்ல நடுங்கினால் போகட்டும், துள்ளி விழுந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

கூலிங் சிஸ்டத்தை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஊருக்குள் ஓடும் வண்டிக்குப் பாதி அடைத்த ரேடியேட்டர்கூடப் போதும். 1,500 கிலோவை இழுத்துக்கொண்டு டிசம்பரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் ஏறும்போது அதே ரேடியேட்டர் காலை வாரிவிடும். கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், தகடுகள் உதிர்ந்திருக்கிறதா, பூச்சியும் புல்விதையும் அடைத்திருக்கிறதா. விசிறி வேகம் சூட்டுக்கேற்ப கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் இழுவையில் முதலில் சாகும். எண்ணெய்க் கம்பி இருக்கும் மாடல் என்றால் ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் சரி, கறுத்துக் கருகிய வாடை வந்தால் வேண்டாம். இளஞ்சிவப்பில் பால்போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது, அந்த கியர்பாக்ஸ் முடிந்த கதை. கம்பி இல்லாத மாடல் என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைக் கேளுங்கள். வாழ்நாள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று யாராவது சொன்னால், இழுக்கும் வண்டிக்கு அது பொருந்தாது.

ஓட்டிப் பார்க்க சமதரை வேண்டாம். பைன்டவுனிலிருந்து க்லூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி ஒரு ஏற்றம் வேண்டும். ஏற்றத்தில் பாதி ஆக்சிலரேட்டரில் விடாமல் ஏற்றுங்கள், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே. 60லிருந்து 80க்குள் மெதுவாகக் காலை வைத்தால் கரடுமுரடான பாதையில் போவதுபோல நடுங்கினால் எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் போகப்போகிறது. இறக்கத்தில் குறைந்த கியரில் வையுங்கள், எஞ்சின் வண்டியைப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒருமுறை அழுத்திப் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, பாரத்தோடு இறங்கிச் சூடேறிய வண்டியில் அது சகஜம். வண்டிக் கம்ப்யூட்டரின் பிழைக் குறிகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்று கைவசம் இருந்தால் சொருகிப் பாருங்கள். பிழைக் குறி எதுவுமே இல்லை, ஆனால் உள்சோதனைகள் எதுவும் முடியவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ அழித்திருக்கிறார்கள்.

4x4 போடும் வண்டி என்றால் போட்டுப் பாருங்கள். மாதக்கணக்காகத் தொடாத டிரான்ஸ்ஃபர் கியர் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத பகுதிநேர 4x4 என்றால் தார் ரோட்டில் போட்டுத் திருப்பக்கூடாது, புல்வெளியிலோ செம்மண் பாதையிலோ செய்யுங்கள். மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் கியரான லோ ரேஞ்சை நின்றபடி, நியூட்ரலில் போடுங்கள், விளக்கு எரிவது மட்டும் போதாது, வண்டி உண்மையிலேயே ஊர்ந்து நகர வேண்டும். டிராக்கன்ஸ்பெர்க்கின் மாஹாய் முகாமில் மழை பெய்து புல்லெல்லாம் சேறானபின் கேரவனை வெளியே எடுக்க உதவுவது அதுதான்.

முகாமுக்காக முந்தைய சொந்தக்காரர் போட்ட வயரிங்கைப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது பேட்டரி, ஃப்ரிட்ஜுக்கு ஆண்டர்சன் பிளக், கூரை விளக்கு எல்லாம் போனஸ் மாதிரித் தோன்றும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்கிறதா? தடித்த வயர் சேஸிஸில் உரசுகிறதா? பின் விளக்கு வயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மறுபடி செய்ய வைக்க வேண்டும், வண்டி தீப்பிடிப்பது இங்கேதான் ஆரம்பிக்கும். கூரை ரேக்கின் கால்கள் உட்காரும் இடத்தில் விரிசல், உள்ளே கூரைத் துணியில் தண்ணீர்க் கறை இரண்டையும் பாருங்கள்.

காகிதமும் பணமும்

லைசன்ஸ் டிஸ்க்கில் உள்ள வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்), பதிவுச் சான்றிதழில் உள்ளது, சேஸிஸில் அடித்திருப்பது மூன்றும் எழுத்து எழுத்தாகப் பொருந்த வேண்டும். சான்றிதழில் டைட்டில் ஹோல்டர், ஓனர் என்று இரண்டு இடம் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை, விற்கிறவரோடு சேர்ந்து வங்கியில் கணக்கை முடித்துவிட்டுத்தான் பணம் கைமாற வேண்டும். பதிவில் வண்டியின் நிலை கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி, கோட் 3 என்றால் பெரிய விபத்துக்குப் பின் மறுபடி கட்டியது. கோட் 3 வண்டியைக் கேரவன் இழுக்க நான் வாங்கமாட்டேன், சேஸிஸ் எங்கே நிமிர்த்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. 2012 செப்டம்பருக்குப் பின் வந்த வண்டிகளில் மைக்ரோடாட், அதாவது வண்டியை அடையாளம் காட்டும் நுண்ணிய புள்ளிகள், இருக்க வேண்டும்.

ரோட்வர்த்தி சான்றிதழ் 60 நாள் செல்லும், பெயர் மாற்றத்தை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். ரோட்வர்த்தி கிடைத்துவிட்டது, வண்டி நன்றாக இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வார். அந்தச் சோதனையில் விளக்கு, பிரேக், ஸ்டியரிங் பார்ப்பார்கள், கியர்பாக்ஸ் எண்ணெயின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் பணம் கொடுத்துத் தனிச் சோதனை செய்யுங்கள், ஏஏ-வும் டெக்ராவும் செய்கிறார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் பேரம் பேச எதுவும் இல்லை.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, முன்பே சொல்லாத பெரிய குறை வந்தால் சரிசெய்யவோ மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். அவர்கள் கேட்காவிட்டால் மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தனியாரிடம் வாங்கினால் அப்படி இல்லை, பெரும்பாலும் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், இருப்பது இருந்தபடிதான். தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதற்காகவே விற்கிறவரிடம் கேட்க வேண்டியதை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எதை இழுத்தது, கடலில் இறங்கியதா, வெள்ளத்தில் நின்றதா, விபத்து உண்டா. பதில் எழுத்தில் இருக்கும். வண்டியைப் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள், பணப் பரிமாற்றத்தை வங்கிக் கிளைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடனில் வாங்கினால், மொசாம்பிக்கோ நமீபியாவோ போகும்போது எல்லையில் காட்ட வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய முதல் வாரமே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், இரண்டு டிஃப், பிரேக் எண்ணெய், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள், முன்பு மாற்றியதாக யார் சொன்னாலும். பழைய எண்ணெய் வடியும்போது பக்கத்தில் நில்லுங்கள், காந்தப் பிளக்கில் ஒட்டியிருப்பது பொடியா துண்டா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பொடி என்றால் வயது, துண்டு என்றால் பல் உடைந்திருக்கிறது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, டேங்கை நிரப்பி, குடும்பத்தையும் உட்காரவைத்து, பழைய இரும்பு வாங்கும் இடத்து வெய்பிரிட்ஜில், அதாவது எடைமேடையில், ஒருமுறை நிறுத்துங்கள். கேரவனை மாட்டி வண்டியின் எடை தனியாக, கேரவனின் எடை தனியாக, இரண்டும் சேர்த்து. எண்கள் எல்லைக்குள் இருந்தால் முதல் பயணத்துக்கு மிட்மார் அணை போதும். கீ ரிட்ஜ், டவுன் ஹில் ஏற்றங்கள் இரண்டும் இடையிலேயே வந்துவிடும், ஏதாவது கோளாறு இருந்தால் வீட்டிலிருந்து இழுத்துவர ஆள் கூப்பிடும் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஹவிக் போய்ச் சேர்ந்ததும் நான்கு சக்கரத்தின் நடுவிலும், கேரவன் சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அந்த பேரிங்கையோ பிரேக்கையோ பார்த்துவிட்டுத்தான் அடுத்த பயணத்துக்கு இடம் பதிவு செய்ய வேண்டும்.